குளிருக்குப் பின்னால் வரும் காரம்

உறைய வைத்த தயிரில் காரத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு நான் விளக்கம் சொல்வதில்லை, ஒரு துண்டைக் கையில் கொடுத்துவிடுவேன். எங்கள் தெருப் பிள்ளைகள் அதைக்கூடக் கேட்பதில்லை. வாயில் போட்ட கையோடு, "சித்தி, இதுல காரமே இல்லையே" என்பாள் ஒருத்தி. துண்டு கரைந்து தொண்டைப் பக்கம் இறங்கும்போது அவள் கண் அகலும். அடுத்த துண்டுக்குக் கை தானாக நீளும். முதலில் குளிர், அடுத்து இனிப்பும் புளிப்பும், எல்லாம் முடிந்தது என்று நினைக்கும்போது காரம். இந்த வரிசைதான் இந்தப் பண்டத்துக்கு உயிர். இதில் நான் செய்கிற ஒவ்வொரு வேலையும் அந்த வரிசை குலையாமல் இருப்பதற்காகத்தான்.

வரிசை ஏன் இப்படி அமைகிறது என்பதற்குக் காரணம் நம் வாய்க்குள்ளேயே இருக்கிறது. இனிப்பு, புளிப்பு மாதிரி காரம் ஒரு சுவை அல்ல, சூட்டை உணரும் நரம்புகளின் வேலை அது. ஏறக்குறைய 43 டிகிரி செல்சியசுக்கு மேலான சூட்டை அறிகிற அதே ஏற்பியைத்தான் மிளகாயில் உள்ள காப்சைசினும் தட்டி எழுப்புகிறது. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 1997இல் அந்த ஏற்பியை அடையாளம் கண்டார்கள். 2021இல் அவருக்கும் ஆர்டெம் பட்டபூட்டியனுக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தபோது, எனக்கு என் ஃப்ரீசர்தான் நினைவுக்கு வந்தது. வாய் குளிர்ந்திருக்கும்வரை அந்த ஏற்பி அடங்கிக் கிடக்கிறது. தயிர் கரைந்து வாய் தன் வெதுவெதுப்புக்குத் திரும்பும்போது காரம் எழுகிறது. குளிர் இனிப்பையும் மங்கச் செய்யும். கரைந்துபோன ஐஸ்கிரீமைக் குடித்துப் பார்த்தவர்களுக்கு இது தெரியும், திகட்டிவிடும். புளிப்பு மட்டும் குளிருக்கு அவ்வளவாக மசிவதில்லை.

ஆகவே கலக்கும்போது நாக்கு சொல்வதை அப்படியே நம்பக்கூடாது. அறைச் சூட்டில் இனிப்பு ஒரு பிடி தூக்கலாக இருக்க வேண்டும், புளிப்பு சற்றே குறைந்திருக்க வேண்டும். காரம் 'இருக்கிறது' என்று தெரிந்தால் போதும், உறைக்க வேண்டியதில்லை. அதை உயர்த்திக்கொண்டே போனால் கடைசியில் காரம் மட்டும்தான் மிஞ்சும், இனிப்பு வந்துபோனதே மறந்துவிடும்.

தயிரிலிருந்துதான் எல்லாம் தொடங்குகிறது. எனக்கு எருமைப்பால் தயிர்தான். பசும்பாலில் கொழுப்பு 3 முதல் 4 சதவீதம் என்றால் எருமைப்பாலில் 6, 7 சதவீதம்கூட இருக்கும், தண்ணீர் குறைவு. உறையும்போது நமக்குப் பகை தண்ணீர்தான். அது பெரிய பெரிய பனித்துகளாகத் திரண்டால் தின்னும்போது நறநறவென்று இருக்கும். கொழுப்பும் புரதமும் சர்க்கரையும் இடையில் நின்று அந்தத் துகள்களைச் சேரவிடாமல் தடுக்கின்றன. பாலை நன்றாகக் காய்ச்சி, விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிட்டு, ஒரு சிறு கரண்டி மோர் விட்டு உறை ஊற்றுகிறேன். கோடையில் நாலைந்து மணி நேரத்தில் தோய்ந்துவிடும். தோய்ந்த உடனே ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட வேண்டும். ராத்திரி முழுக்க வெளியில் இருந்து புளித்த தயிர் மோர்க்குழம்புக்கு நல்லது, இதற்கு ஆகாது.

பிறகு வடிகட்டல். துவைத்துத் துவைத்து மெலிந்த பழைய வேட்டித் துணியை நான் இதற்கென்றே வைத்திருக்கிறேன். தயிரை அதில் கொட்டி, மூட்டையாகக் கட்டி, ஒரு பாத்திரத்தின் மேல் தொங்கும்படி ஃப்ரிட்ஜுக்குள்ளேயே 5, 6 மணி நேரம் வைப்பேன். வெளியில் தொங்கவிட்டால் நம் ஊர் வெக்கையில் வடிவதற்குள் புளித்துவிடும். 1 லிட்டர் பாலின் தயிர் வடிந்தபின் அரைக்கிலோவுக்கு முன்பின்னாக நிற்கும். குஜராத்திலும் மகாராஷ்டிரத்திலும் இப்படி வடித்த தயிரில் சர்க்கரை சேர்த்துத்தான் ஸ்ரீகண்ட் செய்கிறார்கள். மூட்டையை அவிழ்க்கும்போது துணியின் நெசவுத் தடம் தயிரின் மேல் பதிந்திருந்தால் பதம் சரி. கீழே வடிந்திருக்கும் தெளிந்த நீரைக் கொட்ட எனக்கு மனம் வராது, சப்பாத்தி மாவு பிசையவோ ரசத்துக்கோ போய்விடும்.

இனி மிளகாய். நான் அதிக நேரம் செலவிடுவது இதில்தான். மிளகாய்த்தூளைத் தயிரில் நேரே தூவிக் கலக்குவதை நான் ஏற்பதில்லை. காப்சைசின் தண்ணீரில் சரியாகக் கரையாது, கொழுப்பில்தான் கரையும். தூவினால் காரம் ஒரு துண்டில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது, தூள் நாக்கில் திப்பிதிப்பியாக நிற்கும். நான் அரைக் கிண்ணம் பாலாடையைக் கெட்டியான சிறு வாணலியில் இளஞ்சூட்டில் வைத்து, கீறிய பச்சை மிளகாய் மூன்றை அதில் போட்டு மூடி வைப்பேன். கொதிக்கவிடக்கூடாது. அரை மணி நேரத்தில் காரமும் மணமும் ஆடைக்குள் இறங்கிவிடும். மிளகாயை எடுத்துவிட்டு, நன்றாக ஆறிய ஆடையை வடிதயிரோடு சேர்த்து மத்தால் மெதுவாகக் கடைவேன். ஒரேயடியாகக் கடைந்தால் வெண்ணெய் திரண்டுவிடும். காரம் அதிகம் இருப்பது விதையில் அல்ல, விதையைப் பற்றிக்கொண்டிருக்கும் வெளிறிய சதையில். சிறு பிள்ளைகளுக்கென்றால் அதைக் கீறி எடுத்துவிட்டுத் தோலை மட்டும் போடுவேன். மணம் இருக்கும், காரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

எல்லா இனிப்புக்கும் ஒரே காரம் பொருந்தாது. மாம்பழத்துக்குப் பச்சை மிளகாயின் பசுமணம் வேண்டும். கருப்பட்டிக்கு அது ஒட்டவே ஒட்டாது. அதற்குக் குண்டு மிளகாய்தான் இணை. ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தத் தடித்த தோலை வெறும் வாணலியில் புரட்டி எடுத்துக் கொரகொரப்பாகப் பொடித்து, அரைத் தேக்கரண்டி நெய்யில் ஒரு நொடி காட்டிச் சேர்த்தால் கருப்பட்டியின் புகைமணத்தோடு ஒன்றிப்போகும். வெல்லத்துக்குச் சுக்கும் மிளகும். சுக்கின் காரம் மிளகாயைப் போல நாக்கில் எரியாது, தொண்டையில் நின்று சூடேற்றும். உறைந்த தயிரோடு சுக்கு சேர்வது எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கு ஓர் ஆறுதலும்கூட. ஜில்லென்று தின்றாலும் சுக்கு இருக்கிறதே என்று துணிந்து இன்னொரு துண்டு எடுப்பார்கள்.

அரைக்கிலோ வடிதயிருக்கு வெல்லமானால் ஏறக்குறைய 120 கிராம், கொஞ்சம் தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, பாகு கெட்டிப்பட்டதும் ஆறவிட்டுச் சேர்க்கிறேன். சர்க்கரை தண்ணீரின் உறைநிலையைக் கீழே இறக்கும், அதனால் துண்டு கல்லாக இறுகாமல் பல் பதியும்படி இருக்கும். தேன் இன்னும் மென்மையாக்கும். தேனில் இருப்பவை சிறிய சர்க்கரை மூலக்கூறுகள், அதே எடைக்கு எண்ணிக்கை கூடுதல் என்பதால் உறைநிலையையும் கூடுதலாக இறக்குகின்றன. ஒரு சிட்டிகை உப்பு எதற்கும் வேண்டும். உப்பில்லாத இனிப்புக் காரம் எனக்குக் குறைப்பண்டம்.

மாம்பழத்தில் இமாம்பசந்து கிடைத்தால் வேறெதையும் தேடமாட்டேன், நாரில்லாத சதை, கூழாக்கினால் வழுவழுவென்று நிற்கும். இல்லையென்றால் பங்கனபள்ளி. கூழைத் தயிரோடு முழுதாகக் கலக்காமல் மேலே வரிவரியாக ஊற்றி ஒரு குச்சியால் இழுத்துவிடுவேன், ஒவ்வொரு கடியும் வேறாக இருக்கும். அன்னாசியைப் பச்சையாகச் சேர்க்கவே கூடாது. அதிலுள்ள புரோமெலின் தயிரின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றிவிடும். வெல்லத்தோடு சேர்த்துக் கொதிக்கவிட்டு ஆற வைத்தால் அந்தக் குணம் போய்விடும். உப்பும் மிளகாய்த்தூளும் தூவிய மாங்காய்க் கீற்றையும் அன்னாசித் துண்டையும் தெருவில் வாங்கித் தின்று வளர்ந்தவர்கள் நாம். மெக்சிகோக்காரர்கள் மாம்பழத்தைப் பனிக்கூழாக்கி, மிளகாய் சேர்ந்த புளிப்புச் சாற்றை ஊற்றி மாங்கோனாடா என்று தின்கிறார்கள். மிளகாய் பிறந்த நாட்டுக்காரர்களும் அதை இனிப்போடும் குளிரோடும் சேர்த்திருப்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

உறைய வைக்க எவர்சில்வர் தட்டுதான். அலுமினியமும் இரும்பும் தயிரின் புளிப்போடு சேரக்கூடாது, பிளாஸ்டிக்கில் குளிர் மெதுவாகத்தான் இறங்கும். மெதுவாக உறைந்தால் பனித்துகள் பெரிதாகும், சட்டென்று உறைந்தால் பொடியாக இருக்கும். அதனால் தட்டை முன்பே ஃப்ரீசரில் வைத்துக் குளிரவிட்டு, பட்டர் பேப்பர் விரித்து, அரை விரல் கனத்துக்கு மட்டும் கலவையைப் பரப்புவேன். கிண்ணத்தில் மொத்தமாக ஊற்றினால் அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் கிளறியாக வேண்டும். தட்டில் மெல்லிதாகப் பரப்பினால் அந்த வேலை மிச்சம். மைனஸ் 18 டிகிரியில் 3, 4 மணி நேரத்தில் பலகையாகிவிடும், கையாலேயே உடைக்கலாம். மினி இட்லித் தட்டில் ஊற்றினால் குட்டிக் குட்டி வட்டங்களாக வரும், பிள்ளைகளுக்கு அதுதான் பிடிக்கும்.

மொறுமொறுப்பானதை உள்ளே போட்டு உறைய வைத்தால் நமுத்துவிடும், தின்கிற நேரத்தில்தான் தூவ வேண்டும். வறுத்த நிலக்கடலை, பொட்டுக்கடலை, நொறுக்கிய கடலைமிட்டாய் எல்லாம் நன்றாகவே இருக்கும். என் மனம் போவது மோர்மிளகாயில். எண்ணெயில் கருகாமல் பொரித்து, ஆறியதும் உள்ளங்கையில் நொறுக்கி, வெல்லம் சேர்த்த தயிர்ப் பலகைமேல் தூவிப் பாருங்கள். மோரிலேயே ஊறிக் காய்ந்த மிளகாய் தயிரோடு எப்படிச் சேராமல் போகும்? உப்பும் புளிப்பும் காரமும் ஒரு நொறுக்கில் வந்துவிடும்.

ஃப்ரீசரிலிருந்து எடுத்த கையோடு தின்னக்கூடாது, நாக்கு மரத்துப்போகும், எதுவும் தெரியாது. மூன்று, நான்கு நிமிடம் வெளியில் வைத்து ஓரங்கள் பளபளக்கத் தொடங்கும்போது எடுக்க வேண்டும். சித்திரை வெயிலில் இரண்டு நிமிடமே அதிகம். மீதியை இறுக மூடிய டப்பாவில் வைத்தால்தான் பக்கத்து மீன் வாடை ஏறாது. ஒரு வாரத்துக்குமேல் நான் வைப்பதில்லை, பனித்துகள்கள் உள்ளுக்குள் வளர்ந்துகொண்டே போகும். மின்சாரம் போய் உருகிவிட்டால் அதைத் திரும்ப உறைய வைத்துப் பயனில்லை, கரடுமுரடாகத்தான் வரும். இரண்டு மடங்கு தண்ணீர் விட்டுக் கடைந்து, வறுத்த சீரகப் பொடியும் கிள்ளிய கறிவேப்பிலையும் போட்டு, வீட்டில் இருப்பவர்களுக்கு ஆளுக்கொரு டம்ளர் ஊற்றிக் கொடுத்துவிடுவேன்.