நீர்மேல் விருந்தினர்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

மனிதனைப் படம் பிடிப்பது எளிது. 'சிரியுங்கள்' என்றால் சிரிப்பான். 'சற்றுத் தள்ளி நில்லுங்கள்' என்றால் நிற்பான். காட்டு வாத்திடம் இந்த அதிகாரமெல்லாம் செல்லாது. நாம் அதைப் பார்ப்பதற்கு முன்பே அது நம்மைப் பார்த்துவிடும். நாம் கேமராவைக் கண்ணருகே கொண்டு போவதற்குள் அது ஏரியின் அக்கரைக்குப் போய்விடும்!

அதியமான்கோட்டை என்றதும் தமிழ் படித்தவர்களுக்கு ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த வள்ளல் நினைவுக்கு வருவான். பக்தர்களுக்குக் காலபைரவர் கோயில். லாரி ஓட்டுநர்களுக்கோ ஓசூர்ச் சாலை சேலம் நெடுஞ்சாலையோடு சேரும் இடம். எனக்கு எங்கள் ஊர் என்றால் மார்கழி மாதத்து ஏரி. பனி விலகுமுன் கரையில் போய் உட்கார்ந்தால், சாம்பல் நிறத் தண்ணீரில் கரும்புள்ளிகளாய் மிதக்கும் வாத்துகள்! என் பாட்டி எல்லாவற்றையும் 'நீர்க்கோழி' என்ற ஒரே பெயரில் அடக்கிவிடுவார். உற்றுப் பார்த்த பிறகுதான் வேறுபாடு விளங்கியது. அலகின் நுனியில் மஞ்சள் தீற்றியது போலிருப்பது புள்ளிமூக்கு வாத்து. ஆண்டு முழுவதும் நம் நாட்டிலேயே குடும்பம் நடத்துவது. அதைவிடச் சிறியதாய், ஆணுக்குக் கண்ணின்மேல் வெண்புருவம் வளைந்திருப்பது நீலச்சிறகி. ஐரோப்பாவிலும் வட ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு, அங்கே குளிர் இறுகுமுன் தெற்கே வரும் விருந்தாளி.

மார்கழியில் முகூர்த்தம் கிடையாது. எனவே, ஸ்டுடியோ வைத்திருக்கும் அண்ணனின் கேமரா அந்த மாதம் உறைக்குள் உறங்கும். "தண்ணியில போட்டுடாதடா தம்பி. தை மாசம் பூரா கல்யாணம் இருக்குது" என்று ஒன்பது முறை சொல்லித்தான் கொடுத்தார். கல்யாணக் கேமராவுக்கு வாத்தைப் படம்பிடிக்கும் வேலை புதிது.

வகுப்பில் படித்த லென்ஸ் கணக்கு ஏரிக்கரையில் உயிர் பெற்றது. புள்ளிமூக்கு வாத்தின் நீளம் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர். 250 மில்லிமீட்டர் குவியத் தொலைவுள்ள லென்ஸில், 50 மீட்டருக்கு அப்பால் மிதக்கும் அந்த வாத்தின் பிம்பம் வெறும் 3 மில்லிமீட்டர்தான்! பாதித் தூரம் நெருங்கினால் பிம்பம் இரு மடங்காகும். ஆகவே, எப்படி நெருங்குவது என்பதே முழுக் கேள்வியும்.

விடையைச் சொல்லித் தந்தவை எருமைகள். ஆளைக் கண்டால் கழுத்தை நிமிர்த்தும் வாத்துகள், எருமை பக்கத்தில் வந்து தண்ணீரில் இறங்கினாலும் தலையைத் திருப்புவதில்லை. இந்த இரகசியம் வெளிநாட்டாருக்கும் தெரிந்திருக்கிறது. 1892இல் முட்டைகளோடு கூடிய பறவைக்கூட்டைப் படமெடுத்துப் புகழ் பெற்ற இங்கிலாந்தின் கியர்ட்டன் சகோதரர்கள், பின்னாளில் உள்ளீடற்ற செயற்கை எருது ஒன்றைச் செய்து, அதற்குள் ஒளிந்து படமெடுத்தார்கள். எனக்கு அந்தச் செலவு இல்லை. மேய்கிற எருமைகளுக்குப் பின்னால் குனிந்து போய் ஆவாரஞ்செடி மறைவில் உட்கார்ந்துகொள்வேன். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும். கேமரா நீர்மட்டத்துக்குத் தாழ வேண்டும். அப்போதுதான் வாத்தும் அதன் நிழலுருவும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு படத்தில் விழும். என்னே அந்தக் காட்சி!

நான் படித்த பெரிய பாடம் வேறு. வாத்துக்கூட்டம் இரையை விட்டுத் தலை தூக்கினால் அது முதல் எச்சரிக்கை. கரையை விட்டு நடுநீருக்கு நகர்ந்தால் இரண்டாவது. அதற்கு மேலும் நாம் முன்னே போனால் கூட்டம் எழுந்துவிடும். பறக்கும் படம் அழகுதான். ஆனால் அந்தப் பறத்தலுக்கு வாத்து தன் உடம்பிலுள்ள கொழுப்பை எரிக்கிறது. வடக்கே திரும்பும் நெடும்பயணத்துக்கு அது சேர்த்து வைக்கும் கட்டுச்சோறு அல்லவா அது? நம் ஒரு படத்துக்காக அதைச் செலவழிக்கச் சொல்ல நமக்கு என்ன உரிமை? தலை தூக்கினால் நான் அசையாமல் இருந்துவிடுவேன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன் (1912–1996) காட்டுயிர்களைக் கறுப்பு வெள்ளையில் படமெடுத்தே பெயர் பெற்றவர். விலை உயர்ந்த கருவியைவிடப் பார்க்கும் பொறுமை பெரிது என்பதற்கு அவரைவிட வேறு சான்று வேண்டுமா?

தை பிறந்ததும் என் படங்களை உறவினர்கள் செல்பேசியில் பார்த்தார்கள். மாமன் முறையான ஒருவர் வெகுவாகப் பாராட்டினார். பிறகு மெல்லக் கேட்டார்: "மாப்ளே, சாயங்காலம் எந்தப் பக்கம் ஒதுங்குதுங்க?"

கேள்வியின் பொருள் எனக்குப் புரிந்தது. அவர் வீட்டுத் திண்ணையில் கண்ணிக் கயிறுகளைப் பார்த்திருக்கிறேன்.

"அது எனக்குத் தெரியும் மாமா. ஆனா சொல்ல மாட்டேன்" என்றேன். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தையும் எடுத்துச் சொன்னேன்.

"நம்ம வம்சத்துல மொத ஆளா காலேஜ் போனா, மாமனுக்கே சட்டம் சொல்லுவியா?" என்று எழுந்து போனார். இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை. என் படிப்புக்கு முதலாண்டுப் புத்தகம் வாங்கித் தந்தவர் அவர். அந்த வருத்தம் எனக்கு உண்டு. ஆனாலும் என் படமே கண்ணிக்கு வழிகாட்டியாக நான் எப்படி உடன்படுவேன்? நல்லவர், உறவினர் என்பதற்காக விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க முடியுமா?

படமே எடுக்காதிருப்பது இதற்குத் தீர்வாகாது. பறவை வருவதற்குச் சான்றில்லாத ஏரியை 'வெறும் தண்ணீர்' என்று எண்ணிக் குப்பை கொட்டுவார்கள். ஆகவே, பொங்கல் நாட்களில் நடக்கும் பறவைக் கணக்கெடுப்பில் எங்கள் ஏரியின் பெயரையும், பகலில் நான் எண்ணிய தொகையையும் பதிந்தேன். அவை இரவில் ஒதுங்கும் மூலையைப் பற்றி மட்டும் மூச்சு விடவில்லை.

தெற்கே குமரித்துறை ஆடி வடக்கே திரும்பும் நாரையிடம் தன் வறுமையைச் சொல்லித் தூது விட்டவர் சத்திமுத்தப் புலவர். பறவை வரும், போகும், மறுபடி வரும் என்ற நம்பிக்கை அந்த ஏழைக்கும் இருந்தது. மாணவ நண்பர்களே! உங்கள் ஊர் ஏரிக்கும் மார்கழியில் ஒருமுறை போங்கள். கேமரா இல்லாவிட்டாலும் போங்கள். எண்ணிப் பாருங்கள், எழுதி வையுங்கள். தலை தூக்கினால் மட்டும், நின்றுவிடுங்கள்.