வீறிடல்

தமிழாசிரியனாகப் பணியாற்றிய காலத்தில் மாணவர் ஏடுகளில் நான் சிவப்பு மையால் அடித்த சொற்களுக்குக் கணக்கில்லை. அவற்றுள் ஒன்று மட்டும் இன்றும் நெஞ்சை உறுத்துகிறது. கடலோரக் குப்பம் ஒன்றிலிருந்து திருப்பாதிரிப்புலியூருக்குப் படிக்க வந்த சிறுவன் ஒருவன், புயலில் தந்தையின் கட்டுமரம் திரும்பாத இரவைப் பற்றிக் கட்டுரை எழுதியிருந்தான். ‘அம்மா வீறிட்டாள்’ என்பது அவன் வாக்கியம். அதை அடித்துவிட்டுக் ‘கதறினாள்’ என்று எழுதினேன். “வீறிடுவது கைக்குழந்தையடா” என்று விளக்கமும் தந்தேன். அவன் மறுமொழி கூறவில்லை.

அழுகைக்குத் தமிழில் சொற்பஞ்சம் இல்லை. விம்மல் நெஞ்சுக்குள் அடங்குவது. கேவல் தொண்டையில் தடைப்படுவது. புலம்பலின் அடியில் ‘புலம்பு’ என்னும் பழஞ்சொல் இருக்கிறது. அதற்குத் தனிமை என்பது பொருள். ஒப்பாரிக்கு மெட்டு உண்டு, உவமை உண்டு, கட்டிக்கொண்டு உடன் அழும் பெண்டிரும் உண்டு. ஓலமோ அடைக்கலம் தேடுவது; கேட்பதற்கு ஒருவர் இருக்கிறார் என்று நம்புகிறவரே ஓலமிடுவர். (கடலின் இரைச்சலையும் ஓலம் என்பார்கள்.) கதறலில்கூட ‘ஐயோ’ என்றோ ‘மகனே’ என்றோ ஒரு சொல் வந்து விழும். வீறிடலில் சொல்லே இல்லை. ஆகவே சொல்லறியாத குழந்தைக்கே அது உரியது என்று முடிவு கட்டியிருந்தேன்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு, திருக்குடும்பத் திருவிழா. சூசையப்பர் குழந்தையையும் தாயையும் அழைத்துக்கொண்டு எகிப்துக்குத் தப்பியோடிய பகுதி அன்றைய நற்செய்தி. வாசகர்கள் கவனித்திருக்கலாம்: அன்றைய வாசகத்தில் மத்தேயு இரண்டாம் அதிகாரத்தின் 16 முதல் 18 வரையுள்ள வசனங்கள் இடம்பெறுவதில்லை. பெத்லகேம் குழந்தைகளின் கொலையும், இராமாவில் கேட்ட குரலும் அவற்றில்தான் உள்ளன.

அன்று காலை 6.28 மணியளவில் சுமத்திராவை அடுத்துக் கடலடி நிலம் பெயர்ந்திருந்ததை நாங்கள் அறியோம். இரண்டு மணி நேரத்திற்குப் பின் தேவனாம்பட்டினத்திலும் சோனங்குப்பத்திலும் கடல் ஏறி வந்தது. கடலூர் மாவட்டத்தில் மட்டும் 600 பேருக்கு மேல் மாண்டனர்.

முற்பகலில் மருத்துவமனை வாயிலில் நின்றேன். சிறிய உடல்களைத் துணியால் மூடி வரிசையாகக் கிடத்தியிருந்தார்கள். மணல் ஒட்டிய ஈரச் சேலையோடு வந்த ஒரு தாய், மூன்றாவது துணியை விலக்கினாள். பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. ஆண்டவரையும் அழைக்கவில்லை. கண்ணில் நீருமில்லை. அவளிடமிருந்து எழுந்தது ஒரே ஒலி. அடிவயிற்றிலிருந்து கிளம்பி, கூரிய ஊசிபோல் உயர்ந்து, மூச்சு தீர்ந்த இடத்தில் அறுந்தது. சுற்றியிருந்தோர் யாவரும் ஊமையாயினர். அதற்கு நான் அறிந்த பெயர் ஒன்றே. அந்தப் பெயரைத்தான் நான் ஓர் ஏட்டில் அடித்திருந்தேன்.

28ஆம் நாள் மாசில்லாக் குழந்தைகள் விழா. ஞாயிறன்று விடுபட்ட வசனங்கள் அன்று வாசிக்கப்பட்டன. ஆறுதல் பெற மறுத்த இராகேலைப் பற்றிக் கேட்டபோது என்னால் தலைநிமிர இயலவில்லை.

அந்த மாணவனைத் தேடிச் சென்று, ‘நீ எழுதியதே சரி’ என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால், அவன் எந்தக் குப்பத்துப் பிள்ளை என்று அன்று நான் கேட்கவே இல்லை.