நூறு கடிதங்கள்



போன மாதம் ஓவிய டீச்சர் எங்கள் வகுப்பில் ஓவியர்கள் பெயரைச் சொல்லச் சொன்னாங்க. ரவிவர்மா, பிக்காசோ, டாவின்சி என்று ஆளாளுக்குக் கத்தினோம். "சரி, பெண் ஓவியர் அஞ்சு பேர் சொல்லுங்க" என்றார்கள். வகுப்பே கப்சிப். எனக்கு ஒரு பெயர்கூடத் தெரியவில்லை. வெட்கமாப் போச்சு.

அப்போது டீச்சர் சொன்ன செய்தி இது. இங்கிலாந்தில் உள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் எவ்வளவு பழமையானது! ஆனால் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுத்தது 1948-ல்தானாம். 1954-ல் அங்கே பெண்களுக்காக நியூ ஹால் என்ற கல்லூரி தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் மர்ரே எட்வர்ட்ஸ் கல்லூரி.

1991-ல் அந்தக் கல்லூரியிலிருந்து 100 பெண் கலைஞர்களுக்குக் கடிதம் போனது. 'உங்கள் படைப்பு ஒன்றை எங்களுக்குத் தாருங்கள்' என்று கேட்டார்கள், அவ்வளவுதான். முக்கால்வாசிப் பேர் அன்பளிப்பாகவே கொடுத்துவிட்டார்கள்! இன்று அங்கே 600-க்கும் மேற்பட்ட படைப்புகள் உள்ளன. எல்லாம் பெண்கள் செய்தவை. பூட்டி வைக்கவில்லை. மாணவிகள் நடக்கும் வராண்டாவிலும் சாப்பிடும் கூடத்திலும் மாட்டியிருக்கிறார்கள். மேகி ஹேம்ப்ளிங் என்பவர் வரைந்த ஒரு படத்தில், பாலைவனத்தில் பெண்கள் போருக்குப் பயிற்சி எடுக்கிறார்களாம். தினமும் அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடப் போகும் பெண்ணிடம், 'உனக்கெல்லாம் எதுக்கு இது' என்று யார் சொல்ல முடியும்?

என்னிடம் சொன்னார்கள். ஆறாம் வகுப்பில் நான் வரைந்த மாட்டுவண்டியைப் பார்த்து உறவினர் ஒருவர், "பொம்பளப் புள்ளைக்குக் கோலம் போடத் தெரிஞ்சாப் போதும்" என்றார். அன்றிலிருந்து என் படங்களை ரஃப் நோட்டுக்குள் ஒளித்து வைக்கிறேன். என்னைப் போல இன்னும் எத்தனை பேர் ஒளித்து வைத்திருக்கிறீர்களோ!

அவர்கள் நூறு கடிதம் எழுதினார்கள். நான் ஒன்றுதான் எழுதுகிறேன். நீங்கள் படிப்பதுதான் அது. தோழிகளே, ஆளுக்கு ஒரு படம் தாங்க. தலைமையாசிரியர் அவர்களே, எங்களுக்கு வராண்டாச் சுவரில் கொஞ்சம் இடம் தாருங்கள். முதல் படமாக என் மாட்டுவண்டியைத் தருகிறேன்.



இப்படிக்கு,
ஒன்பதாம் வகுப்பு மாணவி