அருகில் நின்றால் ஒளியும் நுணுகும்

ஜெர்மனியின் யெனா நகரில் ஓர் அறிவியல் விதி கல்லில் பொறிக்கப்பட்டுள்ளது. எர்ன்ஸ்ட் அபே 1873இல் வெளியிட்ட விதி அது. ஒளி அலையாகப் பரவுவதால், எத்துணைச் சிறந்த வில்லையாலும் அதனை ஒரு புள்ளியாகக் குவிக்க இயலாது. அலைநீளத்தில் ஏறத்தாழப் பாதியே எல்லை. நாம் காணும் ஒளிக்கு அவ்வெல்லை சுமார் 200 நானோமீட்டர். அதனினும் நெருங்கிய இரு புள்ளிகள் நுண்ணோக்கியில் ஒன்றாகவே மங்கித் தெரியும்.

இவ்விதியை எண்ணும்போதெல்லாம் என் மனம் அயர்லாந்தைச் சேர்ந்த எட்வர்ட் ஹட்சின்சன் சிங் என்பாரை நாடும். அவர் அபேயை மறுக்கவில்லை; அவ்விதி எந்நிலையில் பொருந்தும் என்றே ஆராய்ந்தார். வில்லை தொலைவிலிருந்து ஒளியைக் குவிக்கிறது. தொலைவையே நீக்கிவிட்டால்? 1928இல் அவர் எழுதிய கட்டுரை இதற்கு வழி கூறியது. ஒளிபுகாத் தகட்டில் அலைநீளத்தினும் மிகச் சிறிய துளையிட்டு, அதனைப் பொருளுக்கு வெகு அருகில் நிறுத்த வேண்டும். துளையைக் கடந்த ஒளி விரிந்து பரவுமுன் பொருளைத் தொட்டுவிடும். துளையைச் சிறிது சிறிதாக நகர்த்தினால், புள்ளி புள்ளியாகப் படம் உருவாகும்.

அத்துணை நுண்ணிய துளையை அமைத்து நகர்த்தும் கருவி அன்று இல்லை. 1957இல் சிங் மறைந்தார். 1984இல்தான், சூரிச் அருகிலுள்ள ஐ.பி.எம். ஆய்வகத்தில் டீட்டர் போஹ்லும் அவர்தம் குழுவினரும் உலோகம் பூசிய குவார்ட்சு ஊசிமுனையில் நுண்துளை அமைத்து, 488 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளியால் சுமார் 25 நானோமீட்டர் அளவுள்ள நுட்பங்களைப் பிரித்தறிந்தனர். அலைநீளத்தில் அது இருபதில் ஒரு பங்கு!

அம்முறையை அவர்கள் ஸ்டெதாஸ்கோப்போடு ஒப்பிட்டுப் பெயரிட்டனர். இதய ஒலியின் அலைநீளம் பல மீட்டர். எனினும் மருத்துவர் மார்பில் கருவியை வைத்து, ஒலி எழும் இடத்தைச் சில சென்டிமீட்டருக்குள் அறிந்துவிடுகிறார். அருகில் நிற்பதன் ஆற்றல் அது.

அபேயின் விதி இன்றும் பொய்க்கவில்லை. தொலைவிலிருந்து ஒளியைக் குவிக்கும் வில்லைக்கு அது என்றும் பொருந்தும். ‘இயலாது’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மில் பலர் திரும்பிவிடுகிறோம். சிங்கோ, ‘எந்நிலையில் இயலாது?’ என்று வினவினார். தம் கேள்விக்கான விடையைக் கருவியாகக் காணும் பேறு அவருக்குக் கிட்டவில்லை. எனினும், வினவிய அந்தத் துணிவையே நான் பெரிதென மதிக்கிறேன்.