அடிவானம் சாயக்கூடாது

ஜூன் 14, ரெய்க்யவிக்

ஐஸ்லாந்தில் இப்போது நள்ளிரவை ஒட்டித்தான் சூரியன் மறைகிறது. மூன்று மணிக்கெல்லாம் மறுபடி எழுந்துவிடுகிறது. இடையிலும் இருள் என்று சொல்லத்தக்கது கவிவதில்லை. நம் ஊரில் காமிராக்காரன் பொழுதெல்லாம் காத்திருந்து பெறுகிற அரைமணி நேர மஞ்சள் வெயில் இங்கே மணிக்கணக்காக மலைச்சரிவுகளில் சாய்ந்து கிடக்கிறது. ஆகவே பகலில் உறங்கி இரவில் பறப்பதென்று ஏற்பாடு.

நாங்கள் எடுப்பது சாதாரணச் சினிமா அன்று. பார்ப்பவர் ஆசனத்தில் வார்ப்பட்டை கட்டி அமர்ந்து, கால்கள் அந்தரத்தில் தொங்க, தலைக்கு மேலும் பாதத்துக்குக் கீழும் வளைந்து செல்லும் பிரம்மாண்டமான கோளத்திரையின் முன்னே நகர்த்தப்பட்டு, முகத்தில் காற்றும் நீர்த்திவலையும் படத் தாமே பறப்பதாக உணரவேண்டும். இந்த வித்தைக்குப் பெரிய அளவில் வழி திறந்தது, 2001 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் டிஸ்னி பூங்காவில் தொடங்கிய 'ஸோரின் ஓவர் கலிபோர்னியா'. 87 பேரை ஒரே சமயத்தில் தூக்கிச் செல்லும் அந்த யந்திரத்தின் மாதிரியை மார்க் சம்னர் என்ற பொறியாளர், பிள்ளைகள் திருகாணி முடுக்கி விளையாடும் இரும்புத்துண்டுப் பெட்டியைக் கொண்டு வீட்டிலேயே செய்து காட்டினார் என்பதை நினைக்கும்போதெல்லாம் அவர்பால் எனக்குப் பக்தியே உண்டாகிறது. சினிமாவில் வினாடிக்கு 24 பிரேம் போதும். அந்தப் படத்தை 48 பிரேமில் எடுத்தார்கள். கண் முழுவதையும் நிறைக்கும் திரையில் நிலம் விரைந்து ஓடுகையில் 24 பிரேம் துடித்துத் துடித்துத் தெரியும் என்பதே காரணம்.

ஜூன் 16, ஸ்கோகாஃபோஸ்

ஏறக்குறைய 60 மீட்டர் உயரத்திலிருந்து அருவி ஒரே வீச்சாக விழுகிறது. கடற்பக்கத்துச் சமவெளியிலிருந்து ஆற்றை ஒட்டித் தாழப் பறந்துவந்து, அருவியின் முன் மெல்ல உயர்ந்து, உச்சியைக் கடக்கவேண்டும். கேட்பதற்கு எளிது; ஆனால் விமானி வேகத்தைக் கூட்டினால் ஹெலிகாப்டர் மூக்கைத் தாழ்த்தும்; மூக்கில் பொருத்திய காமிராவோ தன் சுழல்சட்டத்தின் பலத்தால் மட்டமாகவே நிற்கும்; உடனே சுழலும் இறக்கையின் நுனி படத்தின் உச்சியில் வந்து விழுந்துவிடும். அகல லென்ஸ் எதையும் மறைக்காது.

மூன்று முறை பறந்தோம். மூன்றாவது ஓட்டம் அப்பழுக்கற்றது என்று இறங்கியதும் ஒருவருக்கொருவர் கைகுலுக்கிக்கொண்டோம். லென்ஸைத் துடைக்கப் போனபோதுதான், அதன் கீழ்விளிம்பில் மிளகளவு நீர்த்துளி ஒன்று அசையாமல் நின்று, தனக்குள் மலையையும் வானத்தையும் தலைகீழாகக் காட்டிக்கொண்டிருந்ததைக் கண்டேன். கோளத்திரையில் அந்த மிளகு தேர்ச்சக்கரமாகிவிடும். மான்தோல் துணியால் அதை ஒற்றியெடுக்கும்போது என் கை நடுங்கியது. மறுபடி பறப்பதற்குள் மேகம் மூடிவிட்டது.

ஜூன் 17

குடியரசு தினம். 930-ஆம் ஆண்டில் இந்நாட்டார் முதன்முதலாகப் பொதுச்சபை கூட்டிய திங்வெட்லிர் வெளியிலேயே, 1944-ல் இதே தேதியில் குடியரசையும் பிரகடனம் செய்தார்கள். மழை, பறக்கவில்லை.

ஜூன் 19, ரெய்க்யவிக்

இன்று வாக்குவாதம். நகரத்தின் தலைமேல் நிற்கும் ஹால்கிரிம்ஸ்கிர்க்யா தேவாலயக் கோபுரத்தை நெருங்கிப் பறந்து எடுக்கவேண்டுமென்பது இயக்குநர் விருப்பம். அழகான கோபுரந்தான், உயரம் 74.5 மீட்டர், எரிமலைக் குழம்பு உறைந்து எழுந்த தூண்களை ஒத்த முகப்பு. ஆயினும் நான் கூடாதென்றேன். 2016-ல் அதே டிஸ்னி நிறுவனம் உலகக் காட்சிகளோடு புதிய படம் வெளியிட்டபோது, ஈஃபெல் கோபுரம் ஓரத்து ஆசனங்களில் இருந்தவர்களுக்கு வில்லைப்போல் வளைந்து தெரிந்ததை அவருக்கு எடுத்துச் சொன்னேன். வளைந்த திரையில் நேர்க்கோடு நடு ஆசனத்துக்குத்தான் நேர்க்கோடு. மலைக்கோ நதிக்கோ அந்தக் கஷ்டம் இல்லை. மனிதன் நிமிர்த்திக் கட்டியதை விட்டு இயற்கை தன் இச்சைப்படி வளைத்ததை எடுப்போம் என்றேன். நெடுநேரம் யோசித்து ஒப்புக்கொண்டார்.

ஜூன் 21, லாண்ட்மன்னலாய்கர்

மஞ்சளும் செம்மையும் சாம்பல்பச்சையுமாகக் கிடக்கும் இந்த மலைகளுக்கு மேல், இரவு பதினொரு மணிக்கு, காற்று முழுதும் ஓய்ந்தது. விமானி இடப்புறம் ஒரு பள்ளத்தாக்கைக் கண்டு ஆசையோடு திரும்ப எத்தனித்தார். என் மனமும் அங்கேதான் பாய்ந்தது. ஆனாலும் நேரே போகச் சொன்னேன். கண் 'பறக்கிறாய்' என்று சொல்லும்போது செவிக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு 'உட்கார்ந்திருக்கிறாய்' என்று மறுக்கும். ஆசனம் சற்றே சாய்ந்து அந்தப் பிணக்கை ஓரளவு தீர்க்கும். அந்த அளவை மீறி நாங்கள் அடிவானத்தைச் சாய்த்தோமானால், பாட்டியோடு வந்த குழந்தைக்கும் பாட்டிக்கும் ஒருங்கே குமட்டும். எங்கள் ஆசைக்காக அவர்களுடைய வயிற்றைக் கலக்க எங்களுக்கு உரிமை இல்லை. ஆகவே ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில், எங்கள் நிழல் எங்கும் படத்தில் விழாதபடி பக்கவாட்டில் வெயிலை வைத்துக்கொண்டு, ஐம்பது வினாடி பறந்தோம். லென்ஸில் துளி இல்லை. உச்சியில் இறக்கை இல்லை. இந்த ஓட்டம் படத்தில் நிற்கும்.

இக்குறிப்பை என்றேனும் படிக்க நேரும் அன்பர் எந்த ஊரிலாவது அத்தகைய அரங்குக்குப் போவாரானால், மேல் வரிசையில் நடு ஆசனத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளட்டும். கண்ணெதிரே பிறர் கால்கள் தொங்கா. அடிவானமும் நாங்கள் வைத்த இடத்திலேயே இருக்கும்.