முதல் தரிசனம் இடையருக்கு

நாராயணவனத்துக்கு வருகிறவர்களிடம் கல்யாணக் கதைதான் பேச்சு. திருப்பதி மாவட்டம் புத்தூருக்கு அருகே, அருணா நதியோரம் உள்ள இந்தச் சிற்றூரில்தான் ஆகாசராஜன் மகள் பத்மாவதியை வேங்கடவன் மணந்தான் என்பது ஐதீகம். கல்யாண விருந்துக்கு மாவரைத்த எந்திரக் கல் என்று ஒன்றைக் கோயிலில் காட்டுகிறார்கள்.

ஆனால் கதை தொடங்குவது மணப்பந்தலில் அல்ல, மேய்ச்சல் காட்டில். திருமலையில் ஒரு பசு புற்றின் மீது பால் சொரிய, ஆத்திரத்தில் இடையன் ஓங்கிய கோடரி இறைவன் தலையில் பட்டது. திருமலையில் விடியற்காலை சன்னிதி திறந்ததும் முதல் தரிசனம் 'சன்னிதி கொல்லா' எனப்படும் யாதவருக்கே என்பது மரபு.

மலையில் இடையருக்கு என்ன வேலை? பயிர்க் கணக்கைப் பார்த்தால் புரியும். மழைக்காலத்தில் கழனியில் பயிர் நிற்கும், மந்தைக்கு இடமில்லை. குன்றுகளிலோ புல் செழித்திருக்கும். முள் வெட்டிப் பட்டி வளைத்து, சில மாதங்கள் அங்கேயே வாசம். அறுவடை முடிந்ததும் கீழே இறங்கி, அறுத்த வயலில் கிடை. எருவுக்குக் கூலி தானியம்.

முள் பட்டி மக்கி மறைந்துவிடும். கல் மறையாது. சித்தூர், செங்கம், தருமபுரி வட்டாரங்களின் நடுகற்களில் பல, 'தொறு' எனப்பட்ட ஆநிரையை மீட்கப் போரிட்டு மடிந்தவர்களுக்கானவை. சோழர் காலக் கல்வெட்டுகளோ வேறு கணக்கு சொல்கின்றன. கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய 96 ஆடுகள். அவற்றைப் பெற்றவர் தினமும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். செத்த ஆட்டின் இடத்தைக் குட்டி நிரப்பும் என்பதால் அவை 'சாவா மூவாப் பேராடுகள்'. பத்து விளக்கென்றால் 960 ஆடுகள். நெல் விளையும் ஊரில் அத்தனை வாய்க்குத் தீனி ஏது? கருவறை வெளிச்சத்துக்குப் புல்லும் மேய்ச்சல் நிலமும் வேண்டியிருந்தது.

இன்று நிலைமை வேறு. திருமலையைச் சூழ்ந்த காடுகளில் ஒரு பகுதி 1989-ல் ஸ்ரீ வெங்கடேஸ்வரா தேசியப் பூங்கா ஆனது. 1972-ம் ஆண்டு வன உயிரினச் சட்டப்படி தேசியப் பூங்காவில் கால்நடை மேயக் கூடாது. காட்டு விலங்குகளுக்கு அது அவசியம்தான். ஆனால் மலைக்கும் மந்தைக்கும் இருந்த பழைய உறவு அங்கே முடிந்துபோனது. ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் மலையில் பட்டி போட்டு மலைமாடு வளர்ப்பவர்களுக்கும் இதே கவலை.

சன்னிதியில் இடையருக்கு முதல் இடம். மலையில்தான் இடமில்லை.