மின்குமிழும் பியானோவும்

சில ஆண்டுகளுக்கு முன்னர் கொழும்பு லயனல் வென்ட் அரங்கில் ஒரு பியானோத் தனிக் கச்சேரிக்குச் சென்றிருந்தேன். பத்திரிகையாளனுக்குக் கிடைக்கும் இலவச அழைப்புத்தான். மேலைத்தேய இசையில் எனக்குப் பெரிய ஞானம் கிடையாது. முற்பாதியில் பீத்தோவனின் 'அப்பாசியோனாட்டா', பிற்பாதியில் ஷோப்பானின் முதலாவது பலாட். விரல்களைக் கண்ணால் தொடர முடியாத வேகம். மலைத்துப்போனேன், மனம் மட்டும் அசையவில்லை.

கரவொலி ஓயாததால் கலைஞர் மீண்டும் அமர்ந்து, மெதுவான சிறு உருப்படி ஒன்றை வாசித்தார். ஷூமான் 1838இல் எழுதிய 'டிராய்மெராய்' என்று பக்கத்து இருக்கைக்காரர் சொன்னார். கனவில் ஆழ்தல் என்று பொருளாம். பெயர்தான் எனக்குப் புதிது, மெட்டு புதிதன்று.

ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில் என் அப்பா பங்களா அப்புவாக இருந்தார். மழைக்காலத்தில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வந்துவிடும். ஈரத்தில் பியானோவின் மரம் ஊதும். அமுக்கிய கட்டை மேலெழாது. அதற்காக உள்ளே ஒரு மின்குமிழ் இரவெல்லாம் எரியவேண்டும். அதை ஏற்றுவதும் அணைப்பதும் அப்பாவின் பொறுப்பு. எங்கள் லயத்தில் அப்போது குப்பிலாம்பு. துரைசாணி இரவில் வாசிக்கும் இந்த மெட்டு, காற்று வாக்கில் லயம்வரை வரும்.

எட்டு வயதில் ஒருநாள், பங்களாவில் எவரும் இல்லாத நேரத்தில், ஒரேயொரு கட்டையை அமுக்கிப் பார்த்தேன். அப்பா ஓடிவந்து அறைந்தார். வாழ்நாளில் அவர் என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

1975இல் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. துரை குடும்பம் கப்பலேறியது. பியானோ ஏலத்தில் போயிற்று. அப்பாவும் இப்போது இல்லை.

அரங்குக்குப் பெயர் தந்த லயனல் வென்ட் (1900-1944) புகைப்படக் கலைஞர் மட்டுமல்லர். லண்டனில் பயின்ற பியானோக் கலைஞரும்கூட. இலங்கைத் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பசில் ரைட் எடுத்து 1934இல் வெளிவந்த 'சோங் ஒஃப் சிலோன்' ஆவணப்படத்தில் பின்னணிக் குரல் அவருடையதே. பியானோவுக்கும் தேயிலைக்கும் தூரம் அதிகமில்லை என்று அன்றிரவு தோன்றியது.

அந்த அறையின் காரணமும் அன்றுதான் விளங்கியது. அப்பாவுக்கு வந்தது கோபமன்று, பயம். வேலை போனால் லயக் காம்பராவும் போய்விடும். பிள்ளையின் ஒரு விரலில் குடும்பமே தொங்கிக்கொண்டிருந்தது.

ஆண்டுக்கணக்காக அந்தப் பியானோவைக் காப்பாற்றியவர் அவர். தாம் காத்த மெட்டின் பெயர் அவருக்குத் தெரியாது. சொல்லலாமென்றால், ஆளில்லை.